கணநாதன் சொல்லாமல் விட்ட பெயர்

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மனோ தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, இவர் விடிய எழும்பேல்லை" என்றாள். கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவள் கணவர் கணநாதனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரும் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நிறையப் பேர் அழகாக எழுதுவீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆனி மாதத்தில் அவர் வருடந்தோறும் ஸ்கொட்லாந்துக்குப் போவார். அங்கே பைன் காட்டில் ஒரு பூச்செடி உண்டு. பாசிக்கு மேலே நாலைந்து சிறிய இலைகள், விரல் நீளத்தில் ஒரு தண்டு, அதில் தலைகுனிந்தபடி ஒரே ஒரு வெள்ளைப் பூ. பனி மூடினாலும் இலை பச்சையாகவே இருக்குமாம். 'ஒற்றைப்பூ' என்றுதான் எங்களிடம் சொல்வார். செடிகளைக் காக்கும் சங்கம் ஒன்றுக்காக அதை எண்ணிக் கொடுப்பது அவர் வேலை. சம்பளம் கிடையாது.

ஒரு முறை நம் கோயில் ஆட்கள் கோச் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது எங்களையும் காட்டுக்குள் கூட்டிப்போனார். "எட்ட நிண்டு பாருங்கோ, கால் வைச்சிடாதேங்கோ" என்றார். எல்லோரும் திரும்பி நடந்தபோது நான் பின்னால் நின்றேன். கும்பிட்டுக்கொண்டு நிற்பது போன்ற பூ. சாமியறைக்கு வேண்டும் என்று தோன்றியது. களவாக எடுத்த செடிதான் நன்றாகப் பிடிக்கும் என்று நம் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறதே. என் வீட்டுக் கறிவேப்பிலையும் அப்படி வந்ததுதான். தயிர்ச்சாதக் கரண்டியால் கிண்டி, யோகட் கோப்பையில் வைத்து ஸ்ட்ரெதமில் இருக்கும் என் வீடு வரை கொண்டுவந்துவிட்டேன்.

நாலாம் நாள் கணநாதன் வீட்டுக்கு வந்தார். கோப்பையைக் கண்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, அங்கயிருந்தோ?"

"கனக்க நிண்டது தம்பி. ஒண்டுதானே."

"கனக்கவோ? இந்த நாட்டில அது நிக்கிற இடங்களை விரல்விட்டு எண்ணலாம்."

"பசளை போட்டனான். ஆனா வாடுது."

"பசளை சரிவராது. அந்தக் காட்டு மண்ணில இருக்கிற பூஞ்சணம்தான் அதுக்குச் சோறு போடுறது. தனிய இருக்க ஏலாது."

அப்போது நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். பொலிஸ் வழக்கு என்றால் அது கிடைக்காது என்று பயந்தேன். "பொலிசுக்குச் சொல்லுவியளோ?"

"உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனால் கோயில் வடை ஆர் சுடுறது?" என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. மறுநாள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். திரும்பி வந்து, "நட்டிட்டன். இனி அதின்ர பாடு" என்றார்.

கடிதம் விழும் சத்தம் கேட்டாலே பொலிஸ் கடிதமோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். குடியுரிமை கிடைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அடுத்த ஆனியில் கணநாதன் ஸ்கொட்லாந்துக்குப் போகவில்லை. முழங்கால் நோவு என்றார். நானும் எண்ணெய் காய்ச்சி அனுப்பினேன். அதன்பின் அவர் போகவே இல்லை. செடி என்னவாயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செத்தவீட்டில் மனோவிடம் அந்த முழங்காலைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முழங்காலோ? அவருக்கு ஒரு நோவும் இல்லை, அக்கா. 'எங்கட ஆக்களில ஒராள் கிண்டினது. கூட்டிக்கொண்டு வந்தது நான், பிழை என்னில' எண்டு சங்கத்துக்கு எழுதிக் குடுத்தவர். பேர் கேட்டவையாம். சொல்லேல்லை. அதுக்குப் பிறகு அவை இவரைக் கூப்பிடுறேல்லை."

"செடி?"

"அந்தக் குளிரிலயே செத்துப்போச்சாம். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர்."

ஆள் யார் என்று மனோவுக்கும் சொல்லியிருக்கிறார். அவள் ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

டாக்டருக்குப் படிக்கும் என் பேத்தியைப் பற்றி நான் பெருமை பேசாத ஆள் நம் கோயிலில் இல்லை. அவளுக்கு இது இன்னும் தெரியாது. இந்த மலர் கைக்கு வருமுன் சொல்லியாக வேண்டும். சங்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதவும் அவள்தான் வேண்டும். அவள் என்ன நினைப்பாளோ என்று இரண்டு நாளாகத் தள்ளிப்போடுகிறேன்.

பிழையைத் தன் தலையில் போட்டு எழுதும் அந்தத் துணிவைத்தான் கணநாதனிடமிருந்து எனக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன். கிண்டியது நான், அவரல்ல என்று எழுதச் சொல்வேன். அடியில் என் முழுப்பெயரை என் கையாலேயே போடுவேன்.