மாமா கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீர்

நாங்கள் கல்கத்தாவில் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அம்மாவின் தம்பி பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தார். கையில் பலாப்பழமும் இல்லை, முறுக்கும் இல்லை. அரை லிட்டர் பாட்டிலில் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். ஹௌரா வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாராம், மகராசன்.

மாமாவுக்குக் கரும்புத் தோட்டம். யூரியாவை வாரி இறைத்துவிட்டு, பாத்தி முங்கத் தண்ணீர் விடுவார். உரமெல்லாம் தண்ணீரோடு இறங்கிக் கிணற்றில் சேர்கிறது, கைக்குழந்தைக்கு அது ஆகாது, சொட்டுநீர்க் குழாய் போடுங்கள் என்று வேளாண்மை அதிகாரி சொல்லியிருந்தார். மாமா வீட்டில் மூன்று மாதக் குழந்தை, அந்தத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால். அப்பாவுக்கோ தண்ணீரைச் சோதிக்கும் ஆபீஸில் வேலை.

"ஆபீசரு சும்மா பயமுறுத்துறாரு மச்சான். நீங்க பாத்துச் சொல்லுங்க. கெட்ட தண்ணின்னா நாளைக்கே டியூப் போட்டுர்றேன்" என்றார் மாமா.

மறுநாள் ஞாயிறு. அப்பாவும் மாமாவும் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். கல்கத்தாத் தண்ணீரில் காப்பி காப்பியாகவே இல்லை என்று தினமும் மூக்கால் அழுகிறவள் அம்மா. பிறந்த வீட்டுத் தண்ணீர் எதிரே இருந்தால் சும்மா இருப்பாளா? தனக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர், மனசு கேட்காமல் இன்னொரு தடவை. பாட்டிலில் ஒரு விரல் உயரம்தான் மிஞ்சியது.

"கொழாயில புடிச்சு ரொப்பிடுடி. அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்றாள். ரொப்பினேன். காப்பி அமிர்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பாட்டிலை ஆபீஸுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வந்து, நல்ல தண்ணீர், குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் அப்பா. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. போனதும் எப்போதும்போல மடையைத் திறந்துவிடப் போவதாகச் சொல்லி ரயிலேறினார். அப்பாவின் கோபத்துக்குப் பயந்து அம்மா வாயே திறக்கவில்லை. எனக்கோ எங்கள் குழாய்த் தண்ணீர் பாஸாகிவிட்டதென்று கொள்ளைப் பெருமை. கடவுளே, என்ன பெருமை!

துர்கா பூஜைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த வாரம் போன் வந்தது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டது. தண்ணீர்தான் காரணம் என்றாராம் டாக்டர்.

"நான்தானடி சொன்னேன், நல்ல தண்ணின்னு. நானே கொன்னுட்டேனே" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

 அம்மா என் கையை எலும்பு வலிக்க இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் பயந்துவிடக் கூடாதென்று பிடித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.