பெஹாலா சந்தையில் கடைசி வாழைப்பூ

பெஹாலா சந்தையில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாழைப்பூ. அதன் மேல் இரண்டு கைகள். ஒன்று என்னுடையது. மற்றது சங்கு வளையல் போட்ட ஒரு வங்காள அம்மாளுடையது. மகள் வீட்டுக்கு நாலு நாள் தங்க வந்தவள்தானே நான், விட்டுக்கொடுத்தால் என்ன? முடியாது. மாப்பிள்ளைக்கு வாழைப்பூ வடை சுட்டுத் தருவதாகச் சொல்லியாயிற்று.

காய்கறிக்காரர் சிரிக்கிறார். இந்த ஊரில் என்ன சமைக்கப்போகிறோம் என்று கேட்காமல் காய் தரமாட்டார்கள். எங்கள் இருவரையும் கேட்கிறார். அந்த அம்மாள் உருளைக்கிழங்கு, தேங்காய், நெய் என்று அடுக்குகிறார். மீன் பையோடு நிற்கும் ஒருவர், "இறால் போடாமலா?" என்று சண்டைக்கு வருகிறார். நான் என் அரைகுறை இந்தியில், கடலைப்பருப்பை அரைத்து வடை சுடுவதை விவரிக்கிறேன். சுற்றி நிற்கும் கூட்டம் கழுத்தை நீட்டிக் கேட்கிறது.

"அது சரி, நரம்பெல்லாம் யார் எடுப்பாங்க?" என்கிறார் அந்த அம்மாள்.

"என் வீட்டுக்காரர்தான். ரிட்டயர் ஆகிச் சும்மாதானே இருக்கார்."

அந்த அம்மாளின் கை பூவை விடுகிறது. "நீங்களே எடுத்துக்கோங்க தீதி. சாயங்காலம் நானும் வர்றேன். என் வீட்லயும் ஒருத்தர் சும்மாதான் இருக்கார்."

இப்போது சாயங்காலம். மகள் வீட்டு பால்கனியில் செய்தித்தாளை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, இரண்டு கணவன்மார்களும் நரம்பு உருவுகிறார்கள். ஒருவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், மற்றவருக்கு வங்காளம் மட்டும்தான். ஆனாலும் எங்களைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். இருவருக்கும் எல்லாம் புரிகிறது.