அண்ணையிடம் மிஞ்சிய சொல்

பாரிசவாதம் வந்த பிறகு அண்ணையிடம் மிஞ்சியது ஒரேயொரு சொல். அதைச் சொல் என்று ஏற்றுக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் மனமில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வெள்ளைக்காரப் பெண் தேநீர்க் கோப்பைப் படத்தைக் காட்டினாள். "டுமீல்" என்றார். நாய்ப் படத்தைக் காட்டினாள். அதற்கும் "டுமீல்." எங்கள் கொமிக்ஸ் புத்தகங்களில் துப்பாக்கி வெடிக்கிற சத்தம் அது என்று விளக்கினேன். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு புத்தகம்தான் கிடைக்கும். பெரும்பாலும் காட்டுக் கதை. கிளையில் சிறுத்தை, ஆற்றில் முதலை, முரசடித்துக்கொண்டு வரும் கூட்டம். யார் வாசிப்பது என்று நாங்கள் அடிபட, அம்மா பங்கு பிரித்துவிட்டா. குமிழுக்குள் இருக்கும் பேச்செல்லாம் தங்கச்சியான எனக்கு. வெளியே கொட்டை எழுத்தில் கிடக்கும் சத்தமெல்லாம் அண்ணைக்கு. "சர்ர்ர்", "தொபீர்", "டுமீல்" என்று தொண்டை கிழியக் கத்துவார். உண்மையான வெடி அப்படிக் கேட்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து லண்டன் வந்து, சட்டனில் வீடு வாங்கி, தாயில்லாத பிள்ளையைத் தனியே வளர்த்தெடுத்த மனிதர். அவர் தலைக்குள் அந்தப் பாழாய்ப்போன சத்தம் மட்டும் ஏன் தங்கியது? மகளின் பெயர் தங்கியிருக்கக் கூடாதா?

மகள் கிங்ஸ்பரியிலிருந்து வேலை முடிந்ததும் ஓடி வருவாள். தகப்பன் ஒருதரம் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. "அப்பா, நான் ஆர்?" என்று கேட்பாள். அவர் வாய் கோணி, நெற்றி வியர்த்து, "டு... டு..." என்று தொடங்கும்போதே அவள் முகம் வாடிவிடும்.

ஒருநாள் அந்தப் பங்கு பிரித்த கதையை அவளுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியதிலிருந்து அன்றுதான் சிரித்தாள். விரலைத் துப்பாக்கியாக நீட்டி, "டுமீல்!" என்றாள். அண்ணை நல்ல கையை நெஞ்சில் வைத்து, தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். கதையில் வில்லன் விழுவது அப்படித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பா!"

அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அண்ணை திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"மாமி, இப்பிடிச் செய்ய வேண்டாமெண்டு அவருக்குச் சொல்லுங்கோ. என்னாலை ஏலாது, மாமி." கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்து விம்மினாள்.

அண்ணைக்கு விளங்கிவிட்டது. அழுகிற பிள்ளையைத் தேற்ற அவரிடம் வேறென்ன இருக்கிறது? அவள் தலையைத் தடவிக்கொண்டு, நித்திரையாக்குகிற குரலில், "டுமீல்... டுமீல்..." என்றார்.

"ஓம் அப்பா," என்றாள் அவள்.