ரத்தம் கொடுத்த நர்ஸ்

இன்று எங்கள் ஊரான கேட்டியில், இந்தியன் ஸ்டோரில் கீரை எடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெரு ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தியோப்பியாவுல பிரசவ கிளினிக்ல வாலன்டியர் பண்ணிட்டு வந்தியாமே! எத்தனை பேரைக் காப்பாத்தின?”

எண்ணிக்கை சொல்ல மனம் வரவில்லை. ஒருத்தியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

குழந்தை பிறந்த பிறகும் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கிளினிக்கில் ஏற்றுவதற்கு ரத்தம் இல்லை. நான் இரண்டு கைகளாலும் கருப்பையை அழுத்திப் பிடித்திருந்தேன். கையை எடுத்தால் உயிர் போய்விடும்.

அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் அல்மாஸ், “எனக்கும் அதே குரூப்தான் டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் படுத்தாள். இன்னொரு நர்ஸ் அவளிடமிருந்து ரத்தம் எடுத்து அந்தத் தாய்க்கு ஏற்றினாள்.

அந்தத் தாய் பிழைத்தாள். அல்மாஸ் எழுந்து அடுத்த பிரசவத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆன்ட்டி கையிலிருந்த கீரைக் கட்டைக் கூடையில் வைத்தார். பிறகு கேட்டார்:

“ரத்தம் குடுத்த பொண்ணுக்கு யாராவது சாப்பிட ஏதாவது குடுத்தீங்களாம்மா?”

எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் அவளோடுதான் இருந்தேன். ஒருநாளும் கேட்கவில்லை.

இங்கே இருக்கும் டாக்டர் நண்பர்களே, உங்களில் யாருக்காவது அது தோன்றியிருக்குமா? எனக்குத் தோன்றுவதற்கு, கீரை வாங்க வந்த ஆன்ட்டி ஒருவர் தேவைப்பட்டார்.