பேய் நடை பட்டன்

ஆபீஸில் அவளுக்குப் பெயர் கேமராக்காரி. கையில் கேமரா ஒன்றும் கிடையாது. இன்னும் கட்டாத கட்டிடத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, கட்டச் சொன்னவர்களை அதற்குள் நடக்கவிடுவதுதான் பதினான்கு வருஷமாக அவள் பிழைப்பு. மவுஸை இழுத்தால் கேமரா மாதிரி பார்வை திரும்பும், அதை அமுக்கிப் பிடித்தால் நடக்கும். கீபோர்டில் 'ஜி' பட்டனைத் தட்டிவிட்டாலோ சுவர், கதவு எதுவும் தடுக்காது, ஊடுருவிக்கொண்டு போகலாம். அதற்கு ஆபீஸில் பேய் நடை என்று பெயர்.

வரைபடம் போடுகிற எஞ்சினியருக்குப் பேய் நடை என்றால் உயிர். யார் வந்தாலும் மவுஸைப் பிடுங்கிக்கொண்டு, கூரைக்கு மேலே பறந்து, சுவரைத் துளைத்து, மூன்றே நிமிஷத்தில் மூன்று மாடியையும் காட்டிவிடுவார். வந்தவர்களுக்குத் தலை சுற்றும், சுற்றுகிற தலையோடு கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இது மனுஷன் நடக்கிற கட்டிடமா, வௌவால் குடியிருக்கிற கட்டிடமா?

இந்த முறை கட்டப்போவது ஆஸ்பத்திரியின் புதுப் பகுதி. அவள் வீட்டுக்காரருக்கு ஆறு வருஷமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாரம் இரண்டு தடவை சக்கர நாற்காலியில் அங்கேதான் பயிற்சிக்குப் போகிறார். பழைய கட்டிடத்துக் கழிவறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க, இரண்டு ஆட்கள் அவரைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவளுக்கோ யாரையாவது பளாரென்று அறைய வேண்டும்போல் இருக்கும்.

புது வரைபடத்திலும் கதவு அதே இருபத்தாறு அங்குலம். நாற்காலி இருபத்தேழு. எஞ்சினியரிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"ஒரு அங்குலத்துக்கா இந்த ஆர்ப்பாட்டம்? வரைபடம் எல்லாம் முடிஞ்சாச்சு. உன் வேலை காட்டுறதும்மா, அளக்குறது இல்ல."

காட்டுறதுதானே, இரு காட்டுறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவும் கையுமாக வந்து உட்கார்ந்தார். எஞ்சினியர் கை நீட்டுவதற்குள் அவள் மவுஸை டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க சார்."

ராத்திரியே பார்வை உயரத்தை ஐந்தரை அடியிலிருந்து நாலடிக்கு இறக்கியிருந்தாள். நடக்கிற உடம்பின் அகலத்தை இருபத்தேழு அங்குலமாக்கியிருந்தாள்.

டாக்டருக்கு ஒரே குஷி. நடைபாதை முழுக்க ஓட்டினார்.

"என்னம்மா, எல்லாமே உசரமா தெரியுது?"

"சக்கர நாற்காலியில உக்காந்துட்டுப் போறீங்க சார்."

கழிவறைக் கதவில் நாற்காலி முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் இழுத்து மறுபடி முட்டினார். நாலு தடவை முட்டினார்.

"மவுஸ் மக்கர் பண்ணுதோ?"

"மவுஸ் நல்லாத்தான் இருக்கு சார். கதவுதான் பத்தல."

எஞ்சினியருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏம்மா, அந்த ஜி பட்டனைத் தட்டேன், உள்ள போயிடும்ல!"

அவள் விருட்டென்று எழுந்தாள்.

"என் வீட்டுக்காரர் நாற்காலியில அந்தப் பட்டன் எங்க சார் இருக்கு? காட்டுங்க, நானே தட்டுறேன்."

பெரிய டாக்டர் இன்னொரு தடவை முட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"முதல்ல கதவை மாத்துங்க" என்றார்.