கீத் கப்பலேறிய நாளில் நனைந்த விரிப்பு

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில், ஹெசல் ரோட்டில், மீன் அறுக்கும் கொட்டகையில் வேலை செய்தவள் ஹில்டா பிளெங்கின். அப்பனையும் அண்ணனையும் கடல் கொண்டுபோன குடும்பம். புருஷன் ஐஸ்லாந்துப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவளும் ஆறு வயது மகள் மேவிஸும்தான்.

மதுக்கடைக் கொல்லையில் ரே கார்பட் என்பவன் உடைந்த பாட்டிலை ஒருத்தன் கழுத்தில் இறக்கியதைப் பார்த்தவர்கள் பலர். கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்றவள் ஹில்டா ஒருத்திதான். திங்கட்கிழமை வழக்கு. அதற்கு முந்தின சனிக்கிழமை, முனைக்கடைக்குப் போன மேவிஸ் திரும்பவில்லை. மத்தியானம் வாசற்படியில் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. பிரித்தால் மேவிஸின் சடை, ரிப்பனோடு. அடுத்தாற்போல் முனைக்கடைப் போனில் அவளைக் கூப்பிட்டது ஒரு குரல்.

"கோர்ட்ல வாயத் தொறந்தே, அடுத்த பொட்டலத்துல முடி இருக்காது."

ஹில்டா போலீசுக்குப் போகவில்லை. ரேயின் அண்ணன் லெஸ்ஸைக் கட்டியிருந்தவள் எல்சி; ஹில்டாவுக்குச் சித்தப்பா மகள். எல்சியின் காலில் விழுந்தாவது, நான் பேசமாட்டேன் என்று லெஸ்ஸுக்குச் சொல்லிவிடலாம் என்று, வேலை உடுப்போடு, இடுப்பில் மீன் கத்தியோடு, பின்சந்து வழியே ஓடினாள்.

எல்சி வீட்டுக் கொல்லைக் கொடியில் ஒரு படுக்கை விரிப்பு சொட்டச் சொட்டத் தொங்கியது. ஹில்டா நின்றுவிட்டாள்.

எல்சியின் மகன் கீத் அன்று காலையில்தான் கப்பலேறியிருந்தான். ஆண்பிள்ளை கப்பலேறிய நாளில் அந்தத் தெருவில் எவளும் துணியைத் தண்ணீரில் போடமாட்டாள். போட்டால் அவனையே கப்பலிலிருந்து அலசிவிட்ட மாதிரி. எல்சி அழுக்கிலே படுத்தாலும் படுப்பாளே தவிர, துவைக்கமாட்டாள்.

ஹில்டா உள்ளே நுழைந்தாள். அப்போதுதான் வேலைமுடிந்து வந்த எல்சி அடுப்பில் கெட்டிலை வைத்துக்கொண்டிருந்தாள். லெஸ் நாற்காலியில் இருந்தான்.

"எல்சி, கொல்லைல என்னடி தொங்குது?"

"என்னக்கா தொங்குது?" எட்டிப் பார்த்தவள் முகம் செத்துப்போனது. "ஐயோ, என் கீத்து! யாருடா துவைச்சது?"

"நாய் படுக்கைய நனைச்சிருச்சு. அதுக்கு ஏன் கத்துற?" என்றான் லெஸ். அவன் கடலே இல்லாத லீட்ஸ் ஊர்க்காரன். கடல் வீட்டு வழக்கமெல்லாம் கிழவிகள் பேச்சு அவனுக்கு.

"நம்ம வீட்ல ஏதுடா நாயி?"

மாடியில் எதுவோ பலகையை உதைக்கும் சத்தம் கேட்டது.

ஹில்டா படிக்குப் பாய்ந்தாள். லெஸ் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, முகத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டி விளிம்பில் மோதினான். பல் தெறித்தது. "மரியாதையா வீட்ல கெடந்திருக்கலாம்ல, மீன்காரி!" அவள் கத்தியை உருவி அவன் தொடையில் ஏற்றித் திருகினாள். அவன் கணப்புக் கம்பியை எடுத்து, கத்தி பிடித்த அவள் கையை மேசைமேல் வைத்து நொறுக்கினான். ஒரு அடி, இன்னொரு அடி. விரல்கள் கூழாயின. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது, கொதித்த கெட்டில் முழுதும் அவன் கழுத்தில் கவிழ்ந்தது.

"என் புள்ளையக் கடலுக்குக் குடுத்துட்டியேடா!" என்று அலறினாள் எல்சி. காலிக் கெட்டிலாலேயே அவன் மண்டை பிளக்கும்வரை அடித்தாள். அந்த அடி மேவிஸுக்காக விழுந்ததல்ல. கீத் அந்தப் பயணத்திலிருந்து நல்லபடியாகத்தான் திரும்பினான், அது வேறு.

மேவிஸ் மாடியில், கை கால் கட்டி, வாயில் துணி திணித்து, சடை வெட்டிய தலையோடு, மூத்திரம் காய்ந்த பாவாடையோடு, உயிரோடு கிடந்தாள். ஹில்டா கட்டுகளைப் பல்லால் கடித்தே அவிழ்த்தாள், மிச்சமிருந்த பற்களால்.

திங்கட்கிழமை கோர்ட்டில், கூண்டிலிருந்து ரே தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். வலது கை கட்டுக்குள் இருந்ததால் ஹில்டா பைபிளை இடது கையில் வாங்கிக்கொண்டாள். அந்த வலது கை பிறகு கத்தி பிடிக்கவே இல்லை. சாகும்வரை மீன் பெட்டி அடுக்கித்தான் பிழைத்தாள்.

"அவன்தான்னு உறுதியா சொல்றியாம்மா?" என்று கேட்டார் வக்கீல்.

"இவன்தாங்கய்யா," என்றாள் ஹில்டா, வீங்கிய வாயைத் திறந்து. "கழுத்துல எந்தப் பக்கம் குத்தினான்னும் சொல்றேன், எழுதிக்கிடுங்க."