வீட்டில் எறிந்த பந்துகள்

ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சனிக்கிழமைகளில் இங்கே ரோவில் என்ற புறநகரில் ஒரு பேஸ்போல் மைதானத்தின் கம்பிவேலியோரம் நின்று, என் பதின்மூன்று வயது மகள் நிலா எறியும் ஒவ்வொரு பந்துக்கும் கையிலுள்ள எண்ணும் கருவியை ஒருமுறை அமுக்குவதுதான் என் வேலை. ஐம்பது வந்ததும் கையை உயர்த்துவேன். எவ்வளவு நன்றாக எறிந்துகொண்டிருந்தாலும் பயிற்சியாளர் ரொப் அவளை வெளியே எடுத்துவிடுவார். ரொப் ஒருகாலத்தில் அமெரிக்காவில் சம்பளத்துக்கு விளையாடியவர். முப்பது வருடமாகப் பிள்ளைகளைப் பழக்குகிறார். அவருடைய வலக்கை தோளுக்கு மேலே எழும்பாது. "எனக்கு எண்ணுவதற்கு ஆள் இருக்கவில்லை," என்று அந்தக் கருவியைத் தந்த அன்று சொன்னார்.

எனக்கு அது வெறும் செல்லம் கொடுப்பதாகத்தான் பட்டது. 'காணும், படிச்சது போதும், இனி வீட்டுக்குப் போ' என்று பிள்ளையை நிறுத்திய ஒரு வாத்தியாரை யாழ்ப்பாணத்தில் நான் கண்டதில்லை. ஒரே கணித பாடத்துக்கு இரண்டு டியூஷன் போனவன் நான், ஒரு மாஸ்டருக்குத் தெரியாமல் மற்றவரிடம். அப்படிப் படித்துத்தான் இஞ்சினியராகி இங்கே வந்தேன். அதனால் மாநில அணித் தெரிவு நெருங்கியதும் கராஜில் பழைய மெத்தையொன்றைச் சாத்திவைத்து, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நிலாவை எறியவிட்டேன்.

"ரொப்புக்குச் சொல்லிப்போடாதை, என்ன?"

"ஓகே அப்பா."

கராஜில் நான் எதையும் எண்ணவில்லை.

போன சனிக்கிழமை அவளுடைய பந்துகள் பாதி வழியிலேயே நிலத்தில் விழத் தொடங்கின. கருவியில் இருபத்திரண்டுதான். ரொப் அவள் முழங்கையைத் தொட்டதும் முகம் சுளித்தாள். அவர் என்னிடம் வந்தார்.

"வீட்டிலும் எறிகிறாளா?"

"நோ," என்றேன். நிலாவும் என்னைப் பார்க்காமல், "நோ, ரொப்," என்றாள்.

அவர் நம்பிவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அப்படியானால் பிழை என்னுடையது. பயிற்சியைக் கூட்டிவிட்டேன்," என்று கொப்பியை எடுத்து இடக்கையால் எழுதத் தொடங்கினார். வெட்கத்தில் கூசிப்போனேன். என் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லியிருந்தாள்.

வேலிக் கதவில் நின்றேன், ஒரு கால் பெற்றோர் நிற்கும் பக்கம், ஒரு கால் மைதானத்துக்குள். கருவியை ரொப்புக்கு முன்னால் நீட்டி, "கராஜில்," என்று சொல்லி அமுக்கத் தொடங்கினேன். முப்பது. அறுபது. நூறு. அவர் எழுதுவதை நிறுத்தினார். என்னால் நிறுத்த முடியவில்லை. சரியான எண் எனக்கே தெரியாது.

கையில் ஐஸ் பையோடு இருந்த நிலா, எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்பவள், தமிழில் சொன்னாள்.

"அப்பா, காணும்."